ஏழு வயதின் வாசலில்: அழகிரிசாமியின் ஒரு கதை

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்கும்பொருட்டுத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். அவர் நம் திருச்சபையினர் அல்லர், லூத்தரன் சபையார். எனினும், காவிரிப் படுகையின் குழந்தைக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் அவரை விட்டுவிட்டுப் பேச இயலாது. இரண்டே ஆண்டுகளில், 1708இல், தமிழ்ச் சிறுவர் ஓதிவந்த கொன்றைவேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் அவர் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார்.

அத்திண்ணைப் பள்ளி, குழந்தையின் கையையும் நினைவாற்றலையும் நன்கு அறிந்திருந்தது. விரல் எலும்புகள் உறுதிப்படாத பருவத்தில் மணல். பிறகே ஓலையும் எழுத்தாணியும். பொருள் விளங்காத வயதிலும் ஓசை நெஞ்சில் தங்கும் என்பதால் எல்லாரும் கூடி உரக்க ஓதுதல். ஆனால் நீதிநூல் குழந்தையோடு உரையாடுவதில்லை, ஏவுகிறது. பால்பல் விழும் காலத்தில் அவ்வுள்ளத்துக்குள் என்ன நிகழ்கின்றது என்று அது கேட்பதில்லை.

திருச்சபை அக்கேள்வியைக் கேட்டது. புதுநன்மைக்குப் பத்து, பன்னிரண்டு வயது வரையிலும் பிள்ளைகளைக் காக்கவைத்த வழக்கத்தை, 1910 ஆகஸ்ட் 8ஆம் நாள் வெளியான ஆணையினால் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் மாற்றினார். பகுத்தறியும் பருவம் ஏறத்தாழ ஏழாம் வயதில் தொடங்குகிறது. மறைக்கல்வியின் முழு அறிவும் அப்போது தேவையில்லை. நற்கருணையைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்தால் போதும் என்பது அதன் சாரம். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ழான் பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் தம் நூலொன்றில் ஒரு சோதனையை விளக்கினார். கதவுக்குப் பின்னால் கிண்ணங்கள் இருப்பதறியாது கதவைத் திறந்து 15 கிண்ணங்களை உடைத்துவிட்டான் ஒருவன். ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒரே கிண்ணத்தை உடைத்தான் மற்றொருவன். யார் பெரிய குற்றவாளி? சிறு குழந்தைகளில் பலர், 15 கிண்ணங்களை உடைத்தவனே என்றனர். வயது ஏற ஏறத்தான் உடைந்த கிண்ணங்களை எண்ணுவதை விட்டு உடைத்தவனின் நோக்கத்தை நோக்குகின்றனர். அதே பருவத்தில் வேறொன்றும் முளைக்கிறது: பிறரோடு தன்னை ஒப்பிடும் பழக்கம். என் சட்டை, உன் சட்டை; என் வீடு, உன் வீடு.

இவ்வொப்பீட்டைத் தமிழில் கு. அழகிரிசாமி (1923–1970) எழுதிய 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையைப் போல் கூர்ந்து கண்ட கதை வேறொன்றை நாம் அறியோம். இடைசெவலில் பிறந்த கரிசல் நிலத்தவர் அவர்; 'அன்பளிப்பு' தொகுப்புக்காக 1970இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர். கதையில் செல்வர் வீட்டுப் பிள்ளை ராமசாமியும் ஏழைக் குடிசைப் பிள்ளைகளும் தத்தம் உடைமைகளைச் சொல்லிப் போட்டியிடுகின்றனர். தீபாவளியை ஒட்டி, சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் குடிசையை அண்டுகிறான். தாயம்மாள் அவனை அணைத்து, எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். கணவனுக்கென வாங்கிய துண்டே அவனது புத்தாடையாகிறது. அவன் பெயர் ராஜா. ராமசாமி வீட்டுக்கோ அவன் அக்காள் கணவராகிய ஜமீன் வாரிசு வந்திருக்கிறார். ஊருக்கு அவர் ராஜா. அதை அவன் பெருமையாகச் சொல்ல, சிறுமி மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகத் தயங்காமல் விடைசொல்கிறாள்.

இக்கதையைத் தாயின் ஈகைக்குச் சான்றாகவே பலரும் வாசிக்கின்றனர். நமக்கு அது போதவில்லை. தாயம்மாள் தோன்றும் பகுதிகளில் ஆசிரியரின் பரிவு சற்று மிகையாகவே ஒலிக்கிறது என்றும் தோன்றுகிறது. கதையின் உயிர் மங்கம்மாளின் விடையில் இருக்கிறது. சிறு குழந்தைக்குப் பெயர் வேறு, பொருள் வேறு அன்று. ராஜா என்ற பெயருடையவன் ராஜாவே. அதே சமயம் போட்டியிடவும் அவள் கற்றுவிட்டாள். இரண்டு பருவங்களின் நடுவே நிற்கும் அச்சிறுமி, போட்டியின் மொழியிலேயே பேசுகிறாள். ஆனால் பெருமைப்பட அவள் எடுத்துக்காட்டும் செல்வம், சிரங்கு பிடித்த ஓர் அநாதை. இன்னும் ஓராண்டு சென்றிருப்பின் அவள் வெட்கப்பட்டு வாய்மூடியிருக்கக்கூடும். தாய் யாதொரு நீதியும் ஓதவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அவள் செய்தாள், பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

நம் கிறிஸ்தவ ஏடுகளில் சிறுவர்க்கென வரும் கதைகள் பெரும்பாலும் கொன்றைவேந்தனுக்குச் சட்டை போட்டவை. தீயவன் வீழ்வான், நல்லவன் பரிசு பெறுவான், கடைசி வரியில் நீதி. அவற்றில் மங்கம்மாளுக்கு இடமில்லை. இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. புதுநன்மை வகுப்பில் மன்றாட்டுகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளை தேறுகிறது. இயேசு யாரென்று தன் மழலையில் சொல்லத் தெரிந்தும் நாத்தடுமாறும் பிள்ளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. அப்பிள்ளையின் பெற்றோர் கோயிலில் முகங்கவிழ்ந்து நிற்பதை எத்தனை பங்குகளில் கண்டிருக்கிறோம்! 1910இன் ஆணை நினைவாற்றலை அளவுகோலாக வைக்கவில்லை.

வரும் ஆண்டின் வகுப்பில் ஒரு ஞாயிறு மட்டும் இக்கதையை வாசித்துக் காட்டும்படி மறைக்கல்வி ஆசிரியர்களை வேண்டுகிறோம். கதை தரும் நீதி யாது என்று கேட்க வேண்டாம். மங்கம்மாள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள்.