இரண்டு ஒக்டோபர் முப்பதுகள்: போர்க்கால வீட்டைப் படிப்பித்தல்

போரைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குக் குறைவில்லை. போர்க்காலத்தில் வீடு எப்படி நடந்தது என்று வகுப்பில் வைத்துப் படிப்பிக்கக்கூடிய எழுத்துத்தான் குறைவு. சண்டையைச் சொன்னால் யார் வென்றது என்று பிள்ளை கேட்கும். இழப்பைச் சொன்னால் யார் செய்தது என்று கேட்கும. இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் அன்றைக்கு அடுப்பில் என்ன வெந்தது, விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது, பள்ளிக்கூடம் நடந்ததா என்று பிள்ளை கேட்பதில்லை. கேட்க நாம் பழக்கவில்லை. இந்தக் கேள்விகள் இல்லாத போர்ப்பாடம் அரைப்பாடம் என்பதே என் வாதம்.

உலகப் போரை எடுத்துக்கொள்வோம். காரணம், விளைவு, ஒப்பந்தம் என்று பிரித்து மனனம் செய்விப்பது எங்கட வழக்கம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதைச் சொல்வோம். பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோய், பங்கீடு வந்து, ‘கூப்பன்’ என்ற சொல் நம் வீட்டுப் பேச்சில் ஏறிய கதையைச் சொல்வதில்லை. குண்டு விழாத ஊர்களுக்கும் போர் அரிசிப் பானை வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதைச் சொன்னால்தான் பிள்ளைக்குப் போர் என்பது பக்கத்து வீட்டு விஷயமாகும்.

வன்னிக்கு இது இன்னும் நெருக்கமான பாடம். 1997 மே 13இல் தொடங்கிய ஜயசிக்குறுய் நடவடிக்கையில், நான் படிப்பிக்கிற புளியங்குளம் மாதக்கணக்காகக் களமுனையாக இருந்தது. ஏ9 வீதியின் வரைபடத்தில் அது ஒரு இராணுவப் புள்ளி. சனத்துக்கு அது விட்டு ஓடிய வளவு. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம், சீமெந்து எல்லாம் அரிதாயின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச எண்ணெயில் எரித்த விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிக் கேட்ட ரேடியோ, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்தக் காலத்துக் கண்டுபிடிப்புகள். இன்று தரம் பத்தில் இருக்கிற பிள்ளைக்கு 2009கூடக் கேள்விப்பட்ட கதை. அந்த விளக்கு எப்படி எரிந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை காலத்துக்கு?

நம் இலக்கியம் இதற்கு எவ்வளவு உதவும்? மலரவனின் ‘போர் உலா’ ஒரு போராளியின் கண் வழியே பாதையையும் சனத்தையும் காட்டுகிற நூல். அதில் வாசகனும் போராளியோடுதான் நடக்கிறான், வீட்டுக்குள் தங்குவதில்லை. பரந்தன் குமரபுரத்துத் தாமரைச்செல்வியின் எழுத்து வேறு. வயலும் இடப்பெயர்வும் குடும்பமுமே அவருக்குப் பொருள். வகுப்புக்கு நான் முதலில் எடுப்பது அவ்வகை எழுத்தைத்தான். இன்ன பக்கத்தில் நில் என்று பிள்ளையை அது வற்புறுத்துவதில்லை.

நம்முடைய பக்கத்தையும் அதே கண்ணால் பார்க்கவேண்டும். கிழக்கின் முஸ்லிம் கிராமத்துக்குத் தீரன் ஆர்.எம். நௌஷாத்தின் ‘கொல்வதெழுதுதல் 90’ போன்ற நாவல் கிடைத்தது. வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறோம். 1990 ஒக்டோபரில் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். திகதி, நேரம், தொகை எல்லாம் நமக்கு மனப்பாடம். அதற்குப் பின்னால் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் உம்மாமார் எதை வைத்துச் சமைத்தார்கள்? தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நின்றார்கள்? எந்தக் குமருடைய படிப்பு எந்த வகுப்போடு நின்றது? தண்ணீரூற்றையும் நீராவிப்பிட்டியையும் விட்டுப் போனவர்களின் இந்த வாழ்வு நம் எழுத்தில் மெலிந்தே கிடக்கிறது. கலாநிதி எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் போன்றோர் ஆய்வாகச் சேர்த்ததைக் கதையாகவும் பாடமாகவும் ஆக்குகிற வேலை மிச்சமிருக்கிறது.

இங்கே ஒரு திகதியைக் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, வெளியேறும்படி புலிகள் அறிவிக்க, வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தது. அதில் ஒரு பகுதி பிறகு வன்னிக்கு வந்தது. இந்த இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கலாம். ஆனால் அதில் இரண்டு பிழைகள் நேரலாம்.

ஒன்று, இரண்டும் ஒன்றுதான் என்று சமப்படுத்துவது. 1990இல் துரத்தப்பட்டது ஒரு சமூகம் முழுவதும். அது அந்தச் சமூகம் என்பதற்காகவே. வலிகாமத்தாரில் பெரும்பாலோர் அடுத்த வருடமே ஊர் திரும்பினார்கள். முஸ்லிம்களுக்குத் திரும்புவது இருபது வருடக் கதை. இந்த வித்தியாசத்தை மறைக்கிற பாடம் நேர்மையான பாடம் அல்ல.

மற்றது, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு: “எங்கட பதுவாதான் அவங்களுக்குப் பட்டது.” தமிழ்ச் சனத்திலும் சிலர் இதைச் சொல்வதுண்டு, அது அவர்களுடைய குற்றவுணர்வு. நாம் சொல்லும்போது அது வேறு பொருள் தருகிறது. முள்ளிவாய்க்காலில் பசியில் கிடந்த பிள்ளை, 1990இல் பிறந்திருக்கவே இல்லை. ஒருவருடைய பாவச்சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைப் பாடம். அதை ஓதிக்கொடுத்துவிட்டுப் பதுவாக் கதையையும் சொன்னால், பிள்ளை எதை நம்பும்? அநியாயத்துக்கு நீதி கேட்பது நம் உரிமை. அடுத்தவன் பிள்ளையின் பசியை அந்த நீதியின் கணக்கில் வரவு வைக்கக்கூடாது.

உலக இலக்கியத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 2015இல் நோபல் பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், இரண்டாம் உலகப் போரில் குழந்தைகளாக இருந்தவர்கள் வளர்ந்தபின் சொன்னதைக் கேட்டு ஒரு நூலாகத் தொகுத்தார். குழந்தையின் ஞாபகத்தில் படைத்தளபதிகள் இல்லை; அம்மாவும் பசியும் பொம்மையும் இருக்கின்றன. நம் மண்ணில் இதற்கு நிகரானது முள்ளிவாய்க்கால் கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் அரிசியும் உப்பும் தண்ணீருமாக அதைக் காய்ச்சுகிறவர்கள், கையில் ஒரு சிரட்டையைக் கொடுத்தே போரைப் படிப்பிக்கிறார்கள். நம் சமூகம் 1990க்கு அப்படியொரு பொருளை இன்னும் கண்டெடுக்கவில்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியது எளிது. வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வரச் சொல்லலாம்: போகும்போது பையில் எதை வைத்தீர்கள்? முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள்? எதற்காக வரிசையில் நின்றீர்கள்? யார் செய்தது என்ற கேள்வி தானாகவே பின்னால் வரும்; வரட்டும். அதற்கு முன், புத்தளத்து முகாமின் தண்ணீர் வரிசையும் செட்டிகுளம் மெனிக்பாமின் தண்ணீர் வரிசையும் ஒரே பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதை வாசித்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி, நாம் கேட்டு வளர்ந்த கேள்வியைவிட நல்லதாக இருக்கும்.