மாடிப்படியில் எண்ணெய்

டி.வி. சீரியலில் கரு கலைய இரண்டே வழிதான். மாடிப்படியில் வில்லி ஊற்றிய எண்ணெய். இல்லாவிட்டால் பாலில் கலந்த மாத்திரை. மறுபடியும் கலைந்தால் மருமகள் 'ராசியில்லாதவள்'. கவனித்திருக்கிறீர்களா, புருஷனை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் சீன் வரவே வராது!

நிஜம் வேறு. முதல் 3 மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்காவது காரணம் குரோமோசோம் கோளாறு. பெரும்பாலும் தற்செயல், யார் மேலும் தப்பில்லை. ஆனால், திரும்பத் திரும்பக் கலையும் 100 தம்பதிகளில் 3 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். கணக்குப்பிள்ளை பாஷையில், மொத்தம் டேலி ஆகிறது. பதிவுதான் பக்கம் மாறிவிட்டது. அதனால் ஆள் ஜோராக இருப்பார். கருவுக்குப் பாதிப் பக்கங்கள் மட்டும் போகும்போதுதான் கணக்கு உதைக்கும். அந்த 'ஒருவர்' புருஷனாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க இருவரும் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும். கேரியோடைப் என்று பெயர். கோளாறு தெரிந்தாலும் கதை முடிந்துவிடாது. இவர்களில் பலர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

இந்த சீரியலை, இரண்டு முறை கரு கலைந்த ஒரு பெண்ணும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வசனம் எழுதுகிறவருக்கு அது ஏன் சார் தோன்றவே மாட்டேனென்கிறது?