பொன்னும் ஒளியும்: ஒரு சிகிச்சையின் குணதோஷங்கள்

நோயுற்ற உயிரணுவை அழிக்கும் வன்மையுடைய மருந்தும் கிரணமும் நோயற்ற உயிரணுவையும் உடன் வருத்துகின்றன என்பதே புற்றுநோய்ச் சிகிச்சையின் தீராத சங்கடம். இதற்குப் பரிகாரமாக, சிலிக்கா மணியொன்றின்மேல் மெல்லிய பொன்னுறை போர்த்திய நானோ துகள்களைக் கொண்டு கட்டிகளைச் சுட்டழிக்கலாம் என்று, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நவோமி ஹாலாஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகிய விஞ்ஞானிகளின் குழுவினர் 2003-ஆம் ஆண்டில் எலிகளிடத்துச் சோதித்துக் காட்டினர்.

ஒளி பட்டவுடன் பொன்னின் எலெக்ட்ரான்கள் ஒருங்கே ஊசலாடி, தாம் ஏற்ற சக்தியை உஷ்ணமாக வெளிவிடுகின்றன. எந்த அலைநீளத்தில் அவ்வூசலாட்டம் உச்சம் பெறும் என்பதை உறையின் கனமும் உள்மணியின் பருமனும் நிர்ணயிப்பதால், இரத்தமும் நீரும் குறைவாகவே உறிஞ்சுகின்ற, ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளிக்கு இணங்குமாறு துகள்களை அமைத்துக்கொள்ள முடிகிறது. சரீரத்தில் பொன் தனித்து நின்றால் சுடுவதில்லை. மிதமான ஒளி தனித்துச் சென்றாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. இரண்டும் கூடுமிடத்தில் மாத்திரமே அழிவு நிகழ்கிறது என்பதே இம்முறையின் தலையாய விசேஷம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் புராஸ்டேட் புற்றுநோயாளர் 16 பேரைக் கொண்டு நடத்தி, 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓராண்டுக்குப் பின் 13 பேருக்குச் சுடப்பட்ட இடத்தில் புற்றின் அடையாளம் காணப்படவில்லை. சிறுநீர்ப்போக்கும் தாம்பத்திய சக்தியும் குறிப்பிடத்தக்க பாதிப்பை அடையவில்லை. அறுவையும் கதிர்வீச்சும் இவ்விரண்டையுமே பெரிதும் பாதிக்கக்கூடியவை என்பதை அறிந்தோர் இப்பலனைச் சிறிதென்று கருதார்.

ஆயினும், இரத்தத்தில் செலுத்திய துகள்கள் கட்டியைத் தாமே நாடிச் சென்று குவிகின்றன என்ற பிரசித்தமான கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. பலவகை நானோ துகள்களைப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி டொராண்டோ ஆய்வாளர்கள் 2016-இல் கண்ட முடிவின்படி, செலுத்தியதில் கட்டியைச் சேர்வது இடைநிலை அளவில் 0.7 சதவீதமே, பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்கின்றன. பொன்னோ எளிதில் சிதைந்து வெளியேறுவதன்று. நெடுங்காலம் தங்கும் அப்பொன்னால் விளையக்கூடியதை ஓராண்டுச் சோதனை அறிவிக்க மாட்டாது. மேலும், அகச்சிவப்பு ஒளியும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் நலிந்துவிடுவதால், புராஸ்டேட் போன்ற உள்ளுறுப்புக்கு ஒளியிழையை ஊசி வழியே கட்டிக்குள்ளேயே செலுத்த வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில்தான் ஆழ்ந்த வினா எழுகிறது. கட்டியின் இடத்தைப் படக்கருவியால் முன்னரே அறிந்து, அங்கேயே ஒளியிழையை நாட்டுவதாயின், இலக்கைத் தேர்வது பெரும்பாலும் மருத்துவரின் கையேயன்றிப் பொன்னன்று. பொன்னின்றி லேசரின் உஷ்ணத்தாலேயே கட்டியைச் சுடும் முறையும் வழக்கில் இருக்க, குறைந்த ஒளியில் அவ்வேலையை முடிப்பதும், சுடும் எல்லையைக் கூர்மைப்படுத்துவதுமே பொன்னுக்கு உரியனவாகக் கூறத்தக்க பங்கு. அப்பங்கு எவ்வளவு என்பதை ஒப்பீட்டுக் குழுவில்லாத சிறு சோதனை நிரூபிக்காது. அன்றியும், இருக்குமிடம் தெரியாமல் உடலெங்கும் பரவிய புற்றுக்கு, இடமறிந்து ஒளி பாய்ச்சும் இம்முறை தனித்து உதவுவதற்கில்லை.

ஆகவே இதனைப் புற்றுநோயின் மருந்தென்று போற்றுவதைவிட, ஓரிடத்தில் அடங்கிய கட்டிக்கான நுண்ணிய அறுவைக்கருவியென்று மதிப்பதே நியாயம். பொன்னோடு கூடிய லேசரையும் பொன்னற்ற லேசரையும் ஒத்த நோயாளரிடத்துப் பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே, அக்கருவிக்குப் பொன் அவசியந்தானா என்று துணிந்து கூறலாகும்.