மாத்தளையில் வைத்து எடைபோட்டால்

சிறுநீர் முட்டிக்கொண்டு வருவதும் கழிப்பறையை எட்டுமுன் கசிந்துவிடுவதும் எந்த ஊரிலும் துன்பம்தான். மாத்தளையின் ரத்தோட்டை, எல்கடுவ பக்கத்து மலைகளில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது நாட்கூலியிலும் கைவைக்கிறது. நிரையை விட்டு இறங்கினால் கொழுந்து குறையும். ஒதுங்க மறைவிடமும் தேட வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சலூட்டும். இத்தகைய பெண்ணுக்கு, உடலில் பதிக்கும் நரம்புத் தூண்டி தகுந்த மருத்துவம்தானா?

1980களில் சான் பிரான்சிஸ்கோவில் டனாகோ, ஷ்மிட் என்ற மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் மூன்றாம் துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் பற்றரியை வைக்கிறார்கள். சிறு மின்துடிப்புகள் பைக்கும் மூளைக்கும் இடையிலான குழம்பிய சைகைகளைச் சீராக்குகின்றன. 1997இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. இதன் பெருமை என்று நான் கருதுவது, முன்கூட்டியே சோதித்துப் பார்க்க முடிவதுதான். தற்காலிகக் கம்பியோடு ஓரிரு வாரம் இருந்து, கசிவு பாதியாவது குறைந்தால் மட்டுமே நிரந்தரமாகப் பதிக்கிறார்கள். இவ்வளவு நேர்மையான முன்சோதனை உள்ள சத்திரசிகிச்சைகள் குறைவு.

ஆனால் பலன் போட்டியின்றி நிற்கவில்லை. மருந்துக்கு அடங்காத அவசரக் கசிவுள்ள 381 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ரொசெட்டா ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதத்தில் நாளொன்றுக்கான கசிவு, தூண்டியால் 3.3 தடவையும் பையில் ஏற்றும் பொட்டொக்ஸ் ஊசியால் 3.9 தடவையும் குறைந்தது. முழுமையாகக் கசிவு நின்றவர்கள் பொட்டொக்ஸில் 20 சதவீதம், தூண்டியில் 4 சதவீதம். ஊசிக்கும் குறை உண்டு: சிறுநீர்த் தொற்று 35 சதவீதம், தூண்டியில் 11தான், சிலர் சில காலம் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க நேர்ந்தது. இரண்டு ஆண்டில் இரு வழிகளின் பலனும் ஏறத்தாழச் சமமாயின. செலவு சமமாகவில்லை: அமெரிக்கக் கணக்கில் தூண்டிக்குச் சுமார் 35,700 டொலர், ஊசிக்குச் சுமார் 7,500.

அந்தப் பணத்தை யாரோ கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கருவியோடு வாழ்வது பதித்த நாளோடு முடிவதில்லை. கம்பி நகரலாம், பதித்த இடம் வலிக்கலாம், தொற்றலாம். துடிப்பின் அளவை அவ்வப்போது திருத்த வேண்டும். சார்ஜ் ஏற்றாத பழைய மாதிரிகளில் பற்றரி சில ஆண்டுகளில் தீர்ந்து, மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும். பழைய கருவிகளோடு எல்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்றவரும் அளவு திருத்தும் சாதனமும் வேண்டும். மாத்தளையிலிருந்து 25 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கண்டிக்குப் போவதே ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும். கொழும்பு என்றால் சொல்லவே வேண்டாம். கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்கும் முதுகில் கம்பி எப்படித் தாங்கும் என்பதும் எனக்குக் கவலை.

கணுக்கால் நரம்பைத் தூண்டும் எளிய வழி ஒன்றும் உண்டு. ஊசியோடு வாரம் அரை மணி நேரம், 12 வாரம். 220 பேர் பங்கேற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 சதவீதத்தினரும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20.9 சதவீதத்தினரும் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். தோலில் ஒட்டும் பட்டையால் இதையே செய்யலாம். இயன்மருத்துவப் பிரிவுகளில் வலிக்குப் பயன்படுத்தும் சிறு மின்கருவி போதும். ஆனால் பிரித்தானிய முதியோர் இல்லங்களில் பட்டையைச் சோதித்தபோது போலிச் சிகிச்சையை விட அது மேலாக இருக்கவில்லை. ஆகவே இதைத் தீர்வு என்று அல்ல, ஆபத்தில்லாத முயற்சி என்றே பரிந்துரைக்கிறேன். இடுப்புத்தள தசைப் பயிற்சியும் சிறுநீர்க் குறிப்பேடும் அதற்கும் முந்தியவை.

அவசரக் கசிவுக்கு மாத்தளையில் இன்று தூண்டியை நான் ஏற்கவில்லை. பயிற்சி, மாத்திரை, கணுக்கால் சிகிச்சை, பொட்டொக்ஸ் ஊசி என்ற வரிசை தீர்ந்த பிறகே அது வரவேண்டும். அடைப்பு எதுவும் இல்லாமலே சிறுநீர் இறங்காமல் தேங்கும் பெண்களின் நிலை வேறு. அங்கே பொட்டொக்ஸ் கேடுதான் செய்யும். வாழ்நாள் முழுக்கத் தானே குழாய் செலுத்திக்கொள்வதே மாற்று, லயத்துப் பொதுக் கழிப்பறையில் அதைச் சுத்தமாகச் செய்வது கடினம். இவர்களுக்குத் தூண்டி கிடைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்: அரச செலவில், முன்சோதனைக்குப் பிறகு, அளவு திருத்தும் ஆளும் சாதனமும் கண்டியிலேயே இருக்கும் நிலையில்.