ஐந்து நொடிச் சூளை

ஃபர்னஸ் முன்னால் மணிக்கணக்கில் தவம் கிடந்தே பழகியவன் நான். இட்ரியா கலந்த சிர்கோனியாத் தூளை அச்சில் அழுத்தி, 1,450 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டால்தான் கெட்டியான பீங்கானாக இறுகும். அதற்குள் நுண்துகள்கள் பக்கத்துத் துகள்களை விழுங்கிப் பெருத்துவிடும். நானோ தூளுக்குக் கொட்டிய காசு வீண்!

2010இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. மின்சாரம் பாய்ச்சிச் சிர்கோனியாவைச் சுடும் முறை. 850 டிகிரி, 5 நொடிக்குள் என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிறகு நாங்களே செய்து பார்த்தோம். நாய் கடிக்கும் எலும்பு வடிவில் ஒரு பச்சைத் துண்டு. (சுடாத பானையை நாம் பச்சைப் பானை என்போம், பீங்கான் ஆய்வுக்கூடத்திலும் சுடாததற்குப் பெயர் பச்சைதான்!) இரு முனையிலும் பிளாட்டினம் கம்பி, சென்டிமீட்டருக்கு 120 வோல்ட். ஃபர்னஸ் சூடேற ஏற மின்னோட்ட மீட்டர் தூங்கி வழிந்தது. 850ஐ நெருங்கியதும், ஐயோ, அந்த வெளிச்சம்! துண்டு பளீரென்று வெள்ளையாய் எரிந்தது. கண் முன்னாலேயே சுருங்கியது. நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

சூடேறினால் சிர்கோனியாவில் ஆக்சிஜன் அயனிகள் ஓடத் தொடங்கும். மின்னோட்டம் சூட்டைக் கூட்டும், சூடு மின்தடையைக் குறைக்கும், உடனே இன்னும் மின்னோட்டம். கடிவாளம் போடாவிட்டால் துண்டு உருகிவிடும். குறித்த அளவு வந்ததும் பவர் சப்ளை மின்னோட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். என் இரண்டாவது துண்டுக்கு அந்த அளவைத் தாராளமாக வைத்துவிட்டேன். நடுவில் ஓட்டையோடு வந்தது. இந்த வேகத்துக்கு மின்சூடு மட்டுமே காரணமா, மின்புலம் படிகத்துக்குள்ளேயே ஏதாவது செய்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

கிராஃபைட் அச்சில் அழுத்திக்கொண்டே மின்சாரம் பாய்ச்சும் ‘ஸ்பார்க் பிளாஸ்மா’ முறையும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் பெயரில் இருக்கும் பொறியையும் பிளாஸ்மாவையும் உள்ளே உறுதியாகக் காட்டியவர் இல்லை. என் எலும்புத்துண்டோ ஒளியைக் கண்ணெதிரே காட்டுகிறது.

அந்த முதல் துண்டை உடைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பெருக்க நேரமே கிடைக்காத பொடிப்பொடித் துகள்கள், இடுக்கில்லாமல், மாதுளை முத்துகள் போல. அன்றிரவு சாப்பிட மறந்தேன்.

இதோ, அடுத்த துண்டு கம்பியில் தொங்குகிறது. ஃபர்னஸ் 790ஐத் தாண்டிவிட்டது.