ஊசியின் காதும் காதற்ற ஊசியும்

செல்வத்தின் நிலையாமையைப் பற்றித் தமிழர் பேசத் தொடங்கினால் ஓர் ஊசி நினைவுக்கு வரும். அது பட்டினத்தாரின் காதற்ற ஊசி. கிறித்தவ மறையிலும் செல்வம் பற்றிய பேச்சில் ஓர் ஊசி வருகிறது. அது ஒட்டகம் நுழையவியலாத ஊசியின் காது. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்வன என்று மேடைகளில் கூறக் கேட்டிருக்கிறோம். ஒப்புமை இனியது, ஆயினும் அவ்விரு ஊசிகளும் வேறுபடும் இடத்தில்தான் செல்வம் பற்றிய கிறித்தவப் பார்வையின் தனித்தன்மை விளங்குகிறது.

காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர். கடல் வாணிகம் சென்று மீண்ட வளர்ப்பு மகன் மருதவாணர் ஒரு பேழையை விட்டுச் சென்றார். அதனுள் காதற்ற ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. இறுதிப் பயணத்தில் எதுவும் துணை வாராது என்பதே அவற்றின் செய்தி. திருவெண்காடர் துறவியானார். அவருடைய கருவூலத்தைக் கணக்கர் சேந்தனார் மக்களுக்குத் திறந்துவிட்டார் என்றும் மரபு கூறும். இக்கதையில் ஊசி என்பது பொருள். அதிலும் ஒன்றுக்கும் உதவாத பொருள். அதுகூட உடன்வாராதெனில் மாடமாளிகை எங்ஙனம் வரும் என்பது குறிப்பு.

நற்செய்தியிலோ ஊசி பொருளன்று, அது வாயில். செல்வன் ஒருவன் நிலைவாழ்வு பெற வழி கேட்டு ஏசுபெருமானிடம் ஓடி வருகிறான். கட்டளைகளை இளமை முதல் காத்து வந்தவன் அவன். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றுமாறு ஏசு கூறுகிறார். அவன் துயரத்தோடு திரும்பிவிடுகிறான். அதன் பின்னரே ஊசியின் காது பற்றிய பேச்சு எழுகிறது. பட்டினத்தாரின் ஊசி உலகைவிட்டுப் போகும்போது எது உடன்வரும் என்று கேட்கிறது; ஏசுவின் ஊசி இறையாட்சிக்குள் இன்று நுழைய எது தடை என்று கேட்கிறது.

இங்கு நுட்பமான ஒன்றைக் காணலாம். இந்நிகழ்ச்சியை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் எழுதியுள்ளனர். மாற்கு மட்டும், ஏசு எடுத்துரைக்கும் கட்டளைகளோடு பிறரை வஞ்சித்துப் பொருள் பறித்தலாகாது என்ற ஒன்றையும் சேர்க்கிறார். பத்துக் கட்டளைகளின் வரிசையில் இச்சொல் இல்லை. செல்வனிடம் பேசும்போது மட்டும் இது ஏன் வருகிறது? செல்வம் நிலைக்குமா என்ற கேள்விக்கு முன், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிற்கிறது.

இவ்வுவமையின் கடுமையைத் தணிக்க முயன்றோர் பலர். எருசலேமில் 'ஊசிக்கண்' என்றொரு சிறு வாயில் இருந்தது, சுமையை இறக்கிய ஒட்டகம் மண்டியிட்டு அதில் நுழையும் என்பர் சிலர். ஏசுவின் காலத்தில் அத்தகைய வாயில் இருந்ததற்குச் சான்று இல்லை. கிரேக்க மொழியில் ஒட்டகத்தையும் வடக்கயிற்றையும் குறிக்கும் சொற்கள் ஓரெழுத்தால் வேறுபடுவதால், கயிறு என்றே கொள்ளவேண்டும் என்பர் வேறு சிலர். கயிறாயினும் ஊசியில் நுழையாதே! யூதரின் தால்முத்து நூலில் ஊசியின் காதில் நுழையும் யானை பேசப்படுகிறது. ஆதலின் இஃது இயலாமையை உணர்த்தும் உயர்வுநவிற்சி என்று கொள்வதே பொருந்தும். ஏறத்தாழ கி.பி. 200இல் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, விற்கவேண்டியது பொருளையன்று, உள்ளத்துப் பற்றையே என்று பொருள் கண்டார். பற்று நீங்காமல் பொருளை மட்டும் துறப்பதில் பயனில்லை என்பது உண்மையே. ஆனால் பற்றற்றிருப்பதாகச் சொல்லிக்கொண்டே பணப்பெட்டியைப் பூட்டி வைப்பதும் எளிது. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேராயர் பசிலியார் அந்த வழியையும் அடைத்தார். தேவைக்கு மேல் சேமித்தது இல்லாதவனுக்கு உரியது என்பது அவர் துணிபு.

லூக்கா தம் நூலை அமைத்த முறையே இதற்கொரு விடையாக உள்ளது. 18ஆம் அதிகாரத்தில் செல்வன் திரும்பிப் போகிறான். மனிதரால் இயலாதது கடவுளால் இயலும் என்கிறார் ஏசு. 19ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே எரிகோ நகரின் வரிதண்டுவோர் தலைவன் சக்கேயு வருகிறான். அவனும் செல்வன்; குள்ளமானவன்; ஏசுவைக் காணக் காட்டத்தி மரத்தில் ஏறியவன். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் வஞ்சித்திருந்தால் நான்மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். ஒட்டகம் ஊசியின் காதில் நுழைந்துவிட்டது! அவனை முழுவதும் விற்குமாறு எவரும் கேட்கவில்லை. அவனாகவே தன் கணக்கேட்டைத் திறந்தான்.

இதுவே இரு ஊசிகளுக்கும் உள்ள வேற்றுமை. பட்டினத்தார் கதையில் செல்வம் தூசியாய் உதிர்கிறது. சக்கேயுவின் கதையில் அது கடனாய்த் திரும்புகிறது. முன்னது விடுதலை, பின்னது நேர்மை. 'ஒப்புரவறிதல்', 'நன்றியில் செல்வம்' ஆகிய அதிகாரங்களை இயற்றிய வள்ளுவரின் நாட்டினருக்கு இவ்விரண்டாவது பார்வையும் புதியதன்று.

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மனோர் லூக்காவின் 12ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை படித்தல் நலம். பரம்பரைச் சொத்தைப் பங்கிட்டுத் தருமாறு தன் சகோதரனுக்குச் சொல்ல வேண்டுமென ஒருவன் ஏசுவிடம் கேட்கிறான். அவன் கேட்டது நியாயமற்றது என்று நூலில் எங்கும் இல்லை. ஏசு நடுவராக மறுத்துவிட்டு, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் கதையைச் சொல்கிறார். அச்செல்வனின் பேச்சில் 'என்', 'என்' என்பதே மிகுதி. அவன் தன் நெஞ்சோடு மட்டுமே உரையாடுகிறான்; மனைவி, மக்கள், வேலையாள், அண்டை வீட்டார் எவரும் அப்பேச்சில் இல்லை. அன்றிரவே உயிர் பிரியும் எனின் சேர்த்தவை யாருடையவை ஆகும் என்பது இறைவனின் வினா. விடை கதையின் வாயிலிலேயே நிற்கிறது: பங்குக்காகச் சண்டையிடும் இரு சகோதரர்!

நமக்கும் ஊரில் ஒரு வீடு உண்டு. அதில் நமக்கொரு பங்கும் உண்டு. அவ்வீட்டிலேயே தங்கிப் பெற்றோரைக் கடைசிவரை பேணிய தம்பியோ தங்கையோ இருக்கலாம். சட்டம் நமக்குத் தரும் பங்கு ஒன்று; நாம் அவர்களுக்குப் பட்ட கடன் மற்றொன்று. பத்திரத்தில் கையெழுத்திடும் முன் சக்கேயுவைப் போல இரண்டாவது கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.