எந்தப் பக்கத்தை மறித்தார்கள்?

ஊரிலிருந்து சுவிசுக்கு வரும் விருந்தாளிகளை நாங்கள் எங்கே கூட்டிக்கொண்டு போகிறோம்? டிட்லிஸ், யுங்ஃப்ராவ், லுட்சேர்ன் மரப்பாலம், ரைன் அருவி. பனியில் நின்று ஒரு படம், சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம். இத்தாலிப் பக்கம் இறங்குகிறவர்களும் மிலான்வரை ஒரே மூச்சில் ஓடுகிறார்கள். கோத்தார்ட் தாண்டிச் சிறிது தூரத்தில் காரின் இடது கண்ணாடியில் மூன்று கோட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழும்பி வரும். “உது என்ன?” என்று பின்சீட்டில் யாராவது கேட்பார்கள். “ஏதோ பழைய கோட்டை” என்பார் ஓட்டுகிறவர். அவ்வளவுதான், கோட்டை பின்னால் போய்விடும். இந்த “ஏதோ பழைய கோட்டை”யைப் பல வருடமாகக் கேட்டு வயிறெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விவரங்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயர் பெல்லின்சோனா. இத்தாலியன் பேசும் திச்சினோ மாநிலத்தின் தலைநகர். 57 கிலோமீட்டர் நீளமான கோத்தார்ட் அடிச்சுரங்கம் 2016-ல் திறந்த பிறகு சூரிச்சிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச்சேரலாம். ஊரின் நடுவில் ஐம்பது மீட்டர் உயரப் பாறையின்மேல் கஸ்தெல்கிராந்தே. கிழக்கு மலைச்சரிவில், ஊருக்குச் சுமார் தொண்ணூறு மீட்டர் மேலே மொன்தெபெல்லோ. அதற்கும் மேலே, 230 மீட்டர் உயரத்தில் தனியாக சாஸ்ஸோ கோர்பாரோ. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு எடுக்கலாம். 2000-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. சனிக்கிழமை போனால் பழைய ஊருக்குள் சந்தை இருக்கும். பாற்கட்டியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஏறலாம். கல் வழுக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள். மிச்சத்தை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும்.

எந்தப் புத்தகமும் சொல்லாததற்கு வருகிறேன். கோட்டைகளில் இரண்டு சாதி உண்டு: காக்கும் கோட்டை, மறிக்கும் கோட்டை. இந்த வித்தியாசம் பிடிபடாமல் ஐரோப்பாவில் நூறு கோட்டை ஏறினாலும் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது.

காக்கும் கோட்டைக்கு உள்ளே பெறுமதியான ஒன்று இருக்கும். அரசன், அரண்மனை, களஞ்சியம், கோயில், குடிகள். அதைச் சுற்றிவர மதில். எதிரி எந்தத் திசையால் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துக் கட்டியது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய ஐங்கோணக் கோட்டை அந்தச் சாதி. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நடுவில் களஞ்சியமும் குளமும் வைத்துக்கொண்ட செஞ்சியும் அந்தச் சாதிதான். அங்கே நீங்கள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதுதான் சரி.

மறிக்கும் கோட்டைக்கு உள்ளே ஒன்றுமே இருக்கத் தேவையில்லை. அதன் பெறுமதி முழுக்க வெளியே, பாதையில் கிடக்கிறது. ஒரு பள்ளத்தாக்கு ஒடுங்கும் இடமாகப் பார்த்து, இந்த மலையிலிருந்து அந்த மலைவரை கதவு போடுவதுபோலக் கட்டியது. அதற்கு முன்பக்கம் உண்டு, முதுகு உண்டு. அதன்முன் நிற்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி “யார் இங்கே வாழ்ந்தார்?” என்பதல்ல. “யாரை, எந்தப் பக்கத்தால் வரவிடாமல் தடுத்தார்கள்?” என்பதுதான்.

பெல்லின்சோனா மறிக்கும் சாதி. கோத்தார்ட், லுக்மானியர், சான் பெர்னார்தினோ என்று ஆல்ப்ஸின் மூன்று கணவாய்ப் பாதைகளும் தெற்கே இறங்கி இந்த ஊரின் கழுத்துக்குள்தான் வந்து சேர்கின்றன. வடக்கேயிருந்து மிலானுக்குப் போகும் மாட்டு மந்தையும் பாற்கட்டியும், அங்கிருந்து திரும்பும் தானியமும் வைனும், படையும் எல்லாம் இதற்குள்ளால்தான். பூட்டினால் யாரும் போக முடியாது. திறந்தால் சுங்கம் கிடைக்கும். 1340-ல் மிலானின் விஸ்கொந்தி பிரபுக்கள் இதைக் கைப்பற்றினார்கள். இருநூறு வருடம்கூட இல்லை, அதற்குள் அவர்களும் அவர்களுக்குப் பின்வந்த ஸ்ஃபோர்சா குடும்பமும் சேர்ந்து இந்தக் கழுத்தைக் கல்லால் அடைத்துவிட்டார்கள்.

இப்போது கஸ்தெல்கிராந்தே முற்றத்துக்கு வாருங்கள். எல்லோரும் முகம் சுளிக்கும் இடம் அதுதான். இரண்டு கோபுரம், கொஞ்சக் கட்டடம், மற்றபடி பெரிய புல்வெளி. “உள்ளே ஒன்றுமில்லை, மாமா” என்று என் மருமகள் ஒருமுறை என்னிடம் நேராகவே சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வெறுமை வேண்டுமென்றே விட்டது. வடக்கிலிருந்து ஆபத்து என்றால் மிலானின் படை முழுவதும் வந்து கூடாரமடித்துத் தங்க வேண்டும். அதற்கான இடம் அது. அந்தப் புல்லில் நின்று கண்ணை மூடி ஆயிரம் பேரின் சமையல் புகையை நினைத்துப் பாருங்கள். கட்டில் கண்ணாடி வைத்த எந்த அரண்மனையும் அதற்கு ஈடாகாது.

அரண்மனை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோட்டை என்றாலே எங்கள் ஆட்கள் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் படத்தைத்தான் காட்டுகிறார்கள். அது 1869-ல் கட்டத் தொடங்கியது. ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஒபெராப் பித்துப்பிடித்த ஒரு மன்னர் தன் கனவுக்காகக் கட்டிக்கொண்ட வீடு. அது எதையும் காக்கவில்லை, எதையும் மறிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு “மத்தியகாலக் கோட்டை பார்த்தேன்” என்று சொல்வது, சினிமா செட்டில் நின்றுவிட்டு மதுரைக் கோபுரத்தைக் கும்பிட்டேன் என்று சொல்வதுபோல.

மதில் விளிம்பில் மீன்வால்போலப் பிளந்து நிற்கும் கொத்தளப் பற்களைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். பிளந்தது பேரரசர் கட்சி, சதுரமானது பாப்பரசர் கட்சி என்று. அதைக் கேட்டு மயங்காதீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டு லொம்பார்தியில் அது கட்டடப் பழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கே நிற்பவற்றில் பல மறுசீரமைப்பில் திரும்பக் கட்டியவை. கட்சி தேடுகிற நேரத்தில் திசையைத் தேடுங்கள்.

இன்னொரு கூட்டம், ஆரேலியோ கல்ஃபெத்தியைத் திட்டுகிறவர்கள். 1980-களில் தொடங்கி கஸ்தெல்கிராந்தேயைப் புதுப்பித்த கட்டடக்கலைஞர் அவர். பியாட்ஸா தெல் சோலே சதுக்கத்திலிருந்து பாறையைக் கீறிக் காங்கிரீட்டால் ஒரு வெடிப்பு வாசல் வைத்து, உள்ளே மின்தூக்கி பொருத்தினார். பாறையை மூடியிருந்த செடிகொடியை அகற்றினார். பழமையைக் கெடுத்துவிட்டார் என்று இன்றைக்கும் முணுமுணுப்பு. என் கருத்து நேரெதிர். அந்த இடுக்குக்குள் நடக்கும்போதுதான் கோட்டைக்குக் கீழே கிடக்கும் பாறையே முதல் அரண் என்று உடம்புக்குத் தெரிகிறது. செடி மூடிய பாறை வெறும் அழகு. வெறும் பாறை அரண். அவருக்கு இது விளங்கியிருக்கிறது. அவரைத் திட்டுகிறவர்களுக்கு விளங்கவில்லை.

எனக்கும் முதல் மூன்று தடவை ஒன்றும் விளங்கவில்லை. விளக்கியவர் சித்தப்பா. ஊரிலிருந்து வந்திருந்தார், மார்கழி மாதம், நல்ல புகார். மேலே ஏற அவருக்கு முழங்கால் விடவில்லை. அதனால் கஸ்தெல்கிராந்தேயிலிருந்து மேற்கே ஆற்றை நோக்கிப் போகும் முராத்தா மதிலுக்குக் கூட்டிப்போனேன். அந்த மதிலுக்கு உள்ளேயே ஒரு நடைபாதை ஓடுகிறது. இருட்டு, ஈரம், தலைக்குமேல் கல்வளைவு, இடைக்கிடை ஒரு துவாரத்தால் கத்தி அகலத்துக்கு வெளிச்சம். சித்தப்பா ஒரு துவாரத்தில் கையை விட்டுப் பார்த்தார். உள்பக்கம் அகலம், வெளிப்பக்கம் விரல் இடுக்கு. கல்லுக்கு இடையில் பூசிய சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “எந்தப் பக்கத்தால வாறவனை மறிச்சவங்கள்?”

வடக்கு என்றேன். யார் வடக்கு? சுவிஸ்காரர் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இது சுவிஸ் நாட்டின் பெருமை என்று கொடி பறக்கும் இடம். கட்டியது மிலான், கட்டியது சுவிஸ்காரர் உள்ளே வராமல் இருக்க. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போய்வந்து வாழ்ந்த மனிதர். ஒடுங்கிய ஒரு பாதையை ஒருவன் பூட்டினால் இரண்டு பக்கத்துச் சனமும் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. மேலேயிருந்து தொடங்காதீர்கள். சாஸ்ஸோ கோர்பாரோவுக்குப் போய் ட்ரோன் பறக்கவிட்டு மூன்று கோட்டையையும் ஒரே சட்டத்தில் பிடிக்கும் பழக்கம் இப்போது பெருத்துவிட்டது. பார்க்க வடிவுதான், ஆனால் மேலேயிருந்து பார்த்தால் எந்தக் கதவும் கோடாகிவிடும். முராத்தாவின் மேற்கு முனையில் தொடங்குங்கள். மதில் அங்கே ஆற்றை எட்டாமல் அறுந்துபோய் நிற்கும். 1513-ல் வடக்கே பியாஸ்கா பக்கத்தில் மலை சரிந்து அதன் கிளையாறு ஒன்றை அடைத்தது. பின்னால் ஏரி பெருகியது. 1515-ல் அது உடைத்துக்கொண்டு வந்து, பாலத்தையும் மதிலின் ஒரு பகுதியையும் அள்ளிக்கொண்டு போனது. மனிதர் கட்டிய மறிப்பை மலை கட்டிய மறிப்பு உடைத்தது. திரும்பக் கட்ட யாரும் அவசரப்படவில்லை. ஏனென்றால் அதற்குள் கதவின் சொந்தக்காரர் மாறிவிட்டார்கள்: பிரான்ஸ் மிலானைப் பிடித்த குழப்பத்தில், 1500-ல் ஊர்ச்சனமே ஊரி, ஷ்வீஸ், நிட்வால்டன் என்ற மூன்று சுவிஸ் மாநிலங்களிடம் நகரைக் கொடுத்துவிட்டது.

அங்கிருந்து மதில் வழியாகக் கஸ்தெல்கிராந்தே. பிறகு ஊருக்குள் இறங்கி மொன்தெபெல்லோ. அகழியும் தூக்குப்பாலமும் உள்ள அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அதில் அதிகம் சொல்ல இல்லை. கடைசியாக சாஸ்ஸோ கோர்பாரோ. 1478 மார்கழியில் ஜியோர்னிகோவில் மிலான் படை, தன்னைவிடச் சிறிய சுவிஸ் படையிடம் அடிவாங்கியது. அந்தப் பயத்தில் அடுத்த வருடமே, ஏறத்தாழ ஆறு மாதத்தில், அவசரமாக எழுப்பியது இது. அலங்காரம் ஒன்றும் கிடையாது, ஒரு பெட்டி. அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து நில்லுங்கள். பயத்தை இத்தனை சுத்தமாகக் கல்லில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதுவரை வந்துவிட்டீர்கள் என்பதால், நான் எல்லோருக்கும் சொல்லாத ஓர் இடத்தையும் சொல்கிறேன். ஊருக்குத் தெற்கே கமோரினோவில், மலைச்சரிவில், சின்னச் சின்ன வட்டக் கோபுரங்கள் நிற்கின்றன. சீட்டு இல்லை, கடை இல்லை. 1853-ல் லொம்பார்தியை ஆண்ட ஆஸ்திரியா, அங்கே பிழைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான திச்சினோக்காரர்களைத் துரத்தி எல்லையையும் மூடியது. வேலையில்லாமல் திரும்பியவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு தொடங்கிய அரண் வேலை அது. பசிக் கோட்டைகள் என்றுதான் சனம் பெயர் வைத்தது. அவை தெற்கைப் பார்த்து நிற்கின்றன.

சித்தப்பாவை அங்கே கூட்டிப்போக முடியவில்லை. போன மாதம் தொலைபேசியில் அதைப் பற்றிச் சொன்னேன். “அது எந்தப் பக்கம்?” என்றார். தெற்கு என்றேன்.

“அப்ப முந்தி மறிச்ச ஆக்கள் வீட்டுக்காரர் ஆகிட்டினம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “ஏத்தம் கனக்கவோ? அடுத்தமுறை பொல்லு ஒண்டு கொண்டுவாறன்.”